டாபு நடத்தும் தமிழரசி

அந்தமானில், மாயாபந்தர் படகுத்துறை ஜெட்டிக்குப் போகிற ரோட்டில், கோழிக்கடைக்கு அடுத்தது தமிழரசியின் கடை. ஜெராக்ஸ், ரீசார்ஜ், பாஸ்போர்ட் போட்டோ, கப்பல் டிக்கெட் எல்லாம் அங்கேதான். போர்டில் கடைக்கு ஒரு பெயர் எழுதியிருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை. வங்காளிகளுக்கு அது ‘தீதி கா துக்கான்’, அக்கா கடை. நம் தமிழர்களுக்கு ‘வாய்க்காரி கடை’. இதை அவள் முகத்துக்கு நேரே சொன்ன ஆள் இன்னும் பிறக்கவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, அந்த வாய் இல்லாவிட்டால் அவள் பிழைத்திருக்க மாட்டாள். அப்பா வெள்ளைச்சாமி இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். சிறு வயதில் அங்கிருந்து அனுப்பிவிட்டார்கள். பிறகு நிக்கோபார் பக்கம் கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டினார். தமிழரசி அந்தத் தோட்டத்தில் பிறந்தாள், சுனாமிக்குப் பிறகு முகாமில் வளர்ந்தாள், வரிசையில் முண்டியடித்து அரிசி வாங்கிப் பழகினாள். கட்டிக்கொண்டது முருகானந்தத்தை. ராமநாதபுரத்துக்காரர், தீவுகளுக்கு நடுவே ஓடுகிற படகில் இன்ஜின் பக்கம் வேலை. மாதத்தில் பாதி நாள் தண்ணீரில்தான் இருப்பார். அதனால்தான் எங்கள் கல்யாணம் இத்தனை வருஷம் தாக்குப்பிடிக்கிறது என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார், அவள் பக்கத்தில் இல்லாதபோது.

இப்படிப்பட்ட ஒருத்தி ‘டாபு’ என்று ஒன்றை நடத்தப்போன கதையைச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது.

அப்போது தீவுக்காரர்கள் எல்லோரும் ஒரு பெரிய கம்பெனியின் ஆப்பில் குரூப் வைத்திருந்தார்கள். கப்பல் தள்ளிப்போனதா, முன்னால் எடுக்கிறார்களா, கடல் எப்படி இருக்கிறது, எல்லாமே அதில்தான். ரேடியோவில் சொல்வார்கள், சொல்லாமலா. கையில் போன் இருக்கும்போது ரேடியோவை யார் திருகுகிறார்கள்? வெள்ளைச்சாமி கச்சாலில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது தமிழரசி அந்தக் குரூப்பைத்தான் நம்பியிருந்தாள். காற்று மாறப்போகிறது, நிக்கோபார் கப்பலை ஒரு நாள் முன்னதாகவே எடுக்கிறார்கள் என்று யாரோ ஒரு புண்ணியவான் காலையிலேயே எழுதிப் போட்டிருந்தார். ஆப் அதை அவளுக்குக் காட்டவில்லை. அவளுக்குக் காட்டியது முன்பின் தெரியாத எவளோ ஒருத்தியின் வளைகாப்பையும், முகம் வெளுக்கிற க்ரீம் விளம்பரத்தையும். கப்பல் போன பிறகுதான் அந்தச் செய்தி மேலே மிதந்து வந்தது. அடுத்த கப்பலில் போய் இறங்கியபோது அப்பாவை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள்.

“எங்கப்பா மூஞ்சிய நான் பாக்கணுமா, எவளோட வளைகாப்பையோ பாக்கணுமான்னு முடிவு பண்ண அவன் யாருய்யா?” என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் கத்தினாள். கத்தி என்ன ஆகப்போகிறது? கேட்டவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு ரீசார்ஜ் செய்துகொண்டு போனார்கள்.

ஒருவர் மட்டும் உச்சுக்கொட்டவில்லை. பிரவீன்குமார், ஸ்கூலில் கம்ப்யூட்டர் வாத்தியார், மெயின்லேண்டிலிருந்து வந்தவர். கேள்வித்தாள் ஜெராக்ஸ் எடுக்க வந்த இடத்தில் சொன்னார்.

“அக்கா, அது அவன் கடை. அவன் இஷ்டத்துக்குத்தான் சரக்கை அடுக்குவான். பிடிக்கலேன்னா நாமளே ஒண்ணு வெச்சுக்கலாம்.”

“நம்மளே வெச்சுக்கறதா? நான் என்ன அமெரிக்காக்காரியா?”

“அமெரிக்கா எதுக்கு? மெயின்லேண்ட்ல ஊர் முழுக்க ஒரே லைன்ல கரண்ட் வருது. இங்க தீவுக்குத் தீவு தனி பவர்ஹவுஸ் இருக்குல்ல, அந்த மாதிரி. நமக்குன்னு ஒரு சின்ன சர்வர். அதுக்கு நாமதான் முதலாளி. ஆனா இதே மாதிரி சர்வர் வெச்சிருக்கற மத்த ஊர்க்காரங்களோடயும் பேசிக்கலாம், ஒண்ணோட ஒண்ணு லைன் இழுத்த மாதிரி.”

இப்படித்தான் டாபு வந்தது. டாபு என்றால் இந்தியில் தீவு. இங்கே தமிழன், வங்காளி, தெலுங்கன், ராஞ்சிக்காரன் எல்லோருக்கும் புரிகிற சொல். டாபுவைத் திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி அதன் வாசலிலேயே தமிழரசி எழுதி வைத்தாள்: முதலில் வந்தது முதலில் தெரியும். எதையும் மேலே தள்ள மாட்டோம். அசிங்கம் தவிர எதையும் எடுக்க மாட்டோம். இதற்குக் கீழே இன்னொரு வரியையும் பிரவீன்குமார் எழுதச் சொன்னார். தனிச் செய்தி என்று நீங்கள் அனுப்புவதை நடத்துகிறவள் நினைத்தால் படிக்க முடியும், படிக்க மாட்டேன்.

“இதை ஏன் தம்பி சொல்லிக்கணும்? பயந்து ஓடிருவாங்க.”

“பெரிய கம்பெனிக்காரன் சொல்ல மாட்டான். நாம சொல்லுவோம்.”

யாரும் ஓடவில்லை. வந்து குவிந்தார்கள். அதற்குக் காரணம் கொள்கை கிள்கை எல்லாம் இல்லை. தீவில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கப்பலில் போகிறார் என்றால் வெறுங்கையோடு போக ஊர் விடாது. இங்கிருக்கிற அண்ணன் அங்கிருக்கிற தம்பிக்கு மருந்து கொடுத்து விடுவான், மாமியார் மருமகளுக்குக் கருவாடு கொடுத்து விடுவாள், எவனோ மறந்துவிட்டுப் போன வீட்டுச் சாவி, ஒருமுறை அடைகாக்கிற கோழிகூடப் போயிருக்கிறது. முடியாது என்று சொல்வது இங்கே மரியாதையில்லாத காரியம். முன்பு இதற்காக ஜெட்டியில் போய் முகம் முகமாகத் தேட வேண்டும். இப்போது டாபுவில் ஒரு வரி போட்டால் போதும்: ‘நாளை நான்கவுரி போகிறேன், யாருக்காவது ஏதாவது கொடுத்து விடணுமா?’ அடுத்த நிமிஷம் பத்துப் பேர் கை தூக்குவார்கள்.

பிரவீன்குமாருக்கு போர்ட்பிளேருக்கு மாற்றலாகிவிட்டது. சந்தேகம் வந்தால் போனில் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டு தமிழரசியே டாபுவை நடத்தினாள். சண்டை போட்டவர்களை அடக்கினாள். லோன் தருகிறேன் என்று வந்த திருட்டுக் கணக்குகளைத் துரத்தினாள். கட்சிக்காரர் ஒருவர் தன் படத்தை ஒரு வாரம் மேலேயே வைக்கச் சொன்னபோது, “உங்க மூஞ்சி என்ன கப்பல் டைமா?” என்று கேட்டு அனுப்பினாள். பெருமையாகத்தான் இருந்தது அவளுக்கு. இருக்காதா பின்னே?

சௌமியா டீச்சர் டாபுவுக்கு வந்தது வேறு விஷயத்துக்காக. அவள் தன் போனில் டாபுவைத் திறந்ததே இல்லை. ஸ்கூல் விட்டதும் தமிழரசியின் கடைக்கு வந்து, மூலையில் இருக்கிற கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் தட்டிவிட்டு, எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போவாள். காரணம் தமிழரசிக்குத் தெரியும். மாயாபந்தரில் பாதிப் பேருக்குத் தெரியும். அவள் புருஷன் சிவப்பிரகாசம் ரோடு கான்ட்ராக்டர். வெளியே தங்கமான மனுஷன், கோயில் அன்னதானத்துக்கு முன்னால் நிற்பவன். வீட்டுக்குள் கை நீளும். தினமும் சாயங்காலம் அவள் போனை வாங்கி ஒவ்வொன்றாகப் படிப்பான். தெரிந்தவர்கள் எல்லோரும் குடும்ப விஷயம் என்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். வாய்க்காரியும்தான்.

சௌமியா யாருக்கும் தெரியாமல் கார் நிக்கோபார் தீவுக்கு மாற்றல் கேட்டிருந்தாள். கிடைத்துவிட்டது. அங்கே வெளியாள் யாரும் சும்மா போய் இறங்க முடியாது, பாஸ் வேண்டும். யாரைப் பார்க்கப் போகிறாய், உன்னை யார் கூப்பிட்டார்கள் என்று கேட்பார்கள். ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் போய் உட்கார்ந்துவிட்டால் அவன் நினைத்தபடி வந்து கதவைத் தட்ட முடியாது. அதற்குள் தெரிந்துவிட்டால் கதை முடிந்தது. போர்ட்பிளேர் பக்கத்தில் சிப்பிகாட்டில் இருக்கிற அக்கா ஜெயலட்சுமி வீட்டில் தங்கித்தான் கப்பலேற வேண்டும். அந்த வீட்டுக்கு அவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டே வழி தெரியும்.

கப்பல் சனிக்கிழமை. வியாழக்கிழமை விடியற்காலை பஸ்ஸிலேயே கிளம்பிவிடுவது, போர்ட்பிளேரில் டீச்சர்களுக்கு டிரெய்னிங் என்று வீட்டில் சொல்வது, இதுதான் ஏற்பாடு. புதன்கிழமை டிக்கெட்டை வாங்க வந்தாள்.

“அக்கா, யாருக்கும்...” என்று ஆரம்பித்தாள்.

“போ, நான் பாத்துக்கறேன்,” என்றாள் தமிழரசி.

பார்த்துக்கொண்ட லட்சணம் என்னவென்றால், ரெங்கம்மா அப்போது கடையில்தான் உட்கார்ந்திருந்தாள். ஜெட்டியில் இட்லி விற்கிறவள், சிவகங்கைப் பக்கம். அவள் மகன் கார் நிக்கோபாரில் பவர்ஹவுஸில் வேலை. பிரிண்டரிலிருந்து டிக்கெட் வெளியே வருகிறபோதே எட்டிப் பார்த்துவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததால் கவனிக்கவில்லை என்று தமிழரசி நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மேல் டாபுவைத் திறந்தாள். ரெங்கம்மா எழுதியிருந்தாள்: ‘நம்ம சௌமியா டீச்சர் சனிக்கிழமை கப்பலில் கார் நிக்கோபார் போகுது. நாளைக்குத்தான் இங்கிருந்து பஸ் ஏறும். நல்ல பொண்ணு, இல்லேன்னு சொல்லாது. குடுத்து விடறவங்க இன்னைக்குச் சாயங்காலமே வீட்டில் கொண்டு போய்க் குடுத்திருங்க.’ டீச்சர் விடியற்காலையே பஸ் ஏறிவிட்டது ரெங்கம்மாவுக்குத் தெரியாது. கீழே எலெக்ட்ரிக் கடை பிகாஸ் பதில் போட்டிருந்தான். டீச்சருக்கே தனியாக மெசேஜ் அனுப்பிவிட்டேன், தம்பிக்கு மருந்து இருக்கிறது, சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன்.

சாயங்காலம் வீட்டில் யார் இருப்பான்? சிவப்பிரகாசம் இருப்பான். அவன் டாபுவில் இல்லை, அவனுக்கு இதெல்லாம் வெட்டி வேலை. ஆனால் டாபு எதற்கு? பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஊரே வந்து அவன் வாசலில் நின்று சொல்லப்போகிறதே!

சௌமியாவைக் கூப்பிட்டாள். போன் அணைத்திருந்தது. அணைக்கச் சொன்னதும் தமிழரசிதான். பஸ் இந்நேரம் காட்டுக்குள், போலீஸ் காவலோடு வண்டிகள் வரிசையாகப் போகிற கான்வாயில் போய்க்கொண்டிருக்கும்.

எடுக்க மாட்டோம் என்று எழுதி வைத்தவள், ரெங்கம்மாவின் செய்தியை டாபுவிலிருந்து எடுத்தாள். யோசிக்கவே இல்லை. எடுத்த பிறகு பிரவீன்குமாரைக் கூப்பிட்டாள்.

“நம்ம டாபுல போயிருச்சு அக்கா. ஆனா மெயின்லேண்ட் சர்வர்ல நம்மளைப் பாத்துட்டு இருக்கறவங்களுக்கு ஒரு காப்பி போயிருக்கும். எடுத்துருன்னு தகவல் போகும். நல்லவன் எடுப்பான். சர்வர் படுத்திருந்தா...”

“அரே, சென்னைக்காரன் கருவாட்டத் தூக்கிட்டுச் சாயங்காலம் வரப்போறானா? இங்க இருக்கறவனச் சொல்லுய்யா! இதப் பாத்தவன் யார் யாருன்னு தெரியுமா?”

“பாத்தவங்க தெரியாது. அதை நாம எழுதி வெக்கறதே இல்ல, நீங்கதானே வேணாம்னு சொன்னீங்க.”

“அப்ப அவளுக்கு மெசேஜ் பண்ணினவங்க?”

“அது இருக்கும் அக்கா. அவங்க இன்பாக்ஸ்ல,” என்றார். “ஆனா அது...”

“தெரியும். வை.”

டீச்சர் போகவில்லை என்று ஒரு பொய்யை எழுதிப் போடலாமா என்று பார்த்தாள். அதைப் போட்டால் இதுவரை பார்க்காதவனும் எங்கே போகவில்லை, ஏன் போகவில்லை என்று கேட்பான். ரெங்கம்மாவைக் கேட்கலாம்; அவள் நாலு பேரைக் கேட்பாள். வேறு வழி தோன்றவில்லை. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சௌமியாவின் தனிச் செய்திகளைத் திறந்தாள். படிக்க மாட்டேன் என்று ஊருக்கே எழுதிக் கொடுத்தவள், திறந்தாள்.

வேண்டியது மேலேயே இருந்தது. பிகாஸ். மீன்காரர் அப்பலராஜு. ரிட்டயரான ஃபாரஸ்ட் கார்டு ஒச்சப்பன், பேத்திக்குக் கண்ணாடி கொடுத்து விட வேண்டும், சாயங்காலம் வருகிறேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தச் செய்திகளுக்குக் கீழேயே ஜெயலட்சுமிக்கு எழுதியவை அடுக்கடுக்காக இருந்தன, கண் போய்விட்டது. ‘நேத்து ஹெட்மாஸ்டர் குட்மார்னிங் அனுப்பினது ஏன்னு இவர் கேட்டார். பதில் சொல்றதுக்குள்ள அடி. காது இன்னும் சரியாக் கேக்கல.’ அதற்கும் கீழே: ‘டிக்கெட் வேற வழியில்லாம தமிழரசி அக்காகிட்டதான் போட்டிருக்கேன். நல்லவங்கதான். ஆனா அவங்ககிட்ட சொன்னா ஜெட்டில மைக் கட்டின மாதிரி. சாமியை வேண்டிக்கிட்டு இருக்கேன்.’

சட்டென்று மூடினாள். முகம் சுட்டது. ஆனால் கோபப்பட நேரமில்லை.

பிகாஸைக் கூப்பிட்டாள். மருந்தை என் கடையில் கொடு, டீச்சர் வீட்டுக்குப் போகாதே, யாரிடமும் பேசாதே.

“டீக் ஹை, சரி தீதி,” என்று உடனே ஒப்புக்கொண்டான். மருந்து கொடுத்து விடப்போவதை டாபுவில் எல்லோரும் பார்க்கவே எழுதியிருந்ததால் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்பலராஜு அப்படியில்லை. அவர் வெளியே ஒரு வார்த்தை எழுதவில்லை.

“நான் வீட்டுக்குப் போறேன்னு உனக்கு யாரும்மா சொன்னது?” என்று கேட்டார். தமிழும் தெலுங்கும் இந்தியும் கலந்து பேசுகிறவர், இதை மட்டும் சுத்தத் தமிழில் கேட்டார். “நான் டீச்சருக்குத் தனியாத்தானே எழுதினேன்?”

“அப்புறம் சொல்றேன் அண்ணே. கருவாடு என்கிட்ட வரட்டும்.”

“நீ படிச்சியா?”

“அப்புறம் சொல்றேன்னேனே!”

ஒச்சப்பன் போனையே எடுக்கவில்லை. எடுக்க மாட்டார், அவருக்குப் போன் என்பது வீட்டில் வைத்துவிட்டுப் போகிற பொருள். எத்தனை முறை அடித்தும் பலனில்லாமல், நாலு மணிக்குத் தமிழரசி ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். சௌமியாவின் வீட்டு மேட்டில் ஏறும்போதே தெரிந்துவிட்டது, கேட்டுக்கு வெளியே வெள்ளை வேட்டியில் ஒச்சப்பன், கையில் பொட்டலம். எதிர்ப்பக்கத்திலிருந்து சிவப்பிரகாசத்தின் ஜீப் வந்து நின்றது. அவள் ஸ்கூட்டியும் அந்த ஜீப்பும் ஒரே சமயத்தில்.

“டீச்சரம்மா இருக்காகளா?” என்று ஒச்சப்பன் ஜீப்பைப் பார்த்துக் கேட்டார். “இத அங்க கா...”

“யோவ் ஒச்சப்பண்ணே!” என்று தமிழரசி போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. “உங்களுக்கு அறிவிருக்கா? மூணு நாளா என் கடைக்குக் கொண்டாங்க கொண்டாங்கன்னு தொண்டத்தண்ணி வத்தக் கத்தறேன். இங்க வந்து நிக்கறீங்க!”

“ஏத்தா, நீ எப்ப சொன்னே? டீச்சருல்ல...”

“டீச்சரு என்ன டீச்சரு! கண்ணாடிய மாத்திக் குடுத்த கடைக்காரன் என் உசுர வாங்கறான். குடுங்க இப்படி! வயசானா வீட்ல கெடக்கணும், ஊரச் சுத்தி அடுத்தவன் வாசல்ல நின்னுகிட்டு...”

பொட்டலத்தைப் பிடுங்கினாள். பாவம் மனுஷன், என்ன நடக்கிறதென்றே புரியாமல் வாயைத் திறந்து திறந்து மூடினார். ஒவ்வொரு முறை அவர் ‘டீச்சர்’ என்று ஆரம்பிக்கும்போதும் தமிழரசி அதற்கு மேல் கத்தினாள். அவர் போட்ட கணக்கு தப்பு, அவர் மருமகன் சரியில்லை, போன வருஷம் எடுத்த போட்டோவுக்குக்கூட அவர் வரவில்லை, வாய்க்கு வந்ததெல்லாம்.

“என்ன தமிழரசி, நடுத்தெருவுல?” என்று சிவப்பிரகாசம் சிரித்துக்கொண்டே இறங்கினான். “பெரியவர விடுங்க. சௌமியா டிரெய்னிங் போயிருக்கா. ஏதாவது சொல்லணுமா?”

“உங்ககிட்ட எனக்கு என்ன இருக்கு? இவருகிட்டதான் வழக்கு. ஏறுங்க அண்ணே வண்டில!”

ஒச்சப்பன் அழாத குறையாக ஸ்கூட்டியில் ஏறினார். பாதி வழியில் வண்டியை நிறுத்தி அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். காரணம் சொல்லவில்லை. அவர் ஆறு மாதம் அவளோடு பேசவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஜெயலட்சுமியின் நம்பரிலிருந்து போன் வந்தது. ஒரே ஒரு வார்த்தை: ஏறிட்டா. தமிழரசி கடைக்குள்ளேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அழுது முடித்ததும் டாபுவில் எழுதினாள். ‘வியாழக்கிழமை ஒருவருடைய தனிச் செய்திகளை நான் படித்தேன். படிக்க மாட்டேன் என்று எழுதி வைத்திருந்தேன், படித்தேன். ஒரு செய்தியையும் எடுத்தேன். யாருடையது, எதற்கு என்று சொல்ல மாட்டேன். வேறு யாருடையதையும் தொடவில்லை.’

பிரவீன்குமார் பதறிப்போய்க் கூப்பிட்டார். “எதுக்கு அக்கா இது? யாருக்கும் தெரியாதே!”

“அப்பலராஜுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். போதாதா?”

அதன் பிறகு நடந்ததைக் கேட்க வேண்டாம். ரெங்கம்மா இட்லிக் கரண்டியோடு வந்து, நல்லது எழுதினதை ஏன் எடுத்தாய் என்று கடை வாசலில் நின்று ஆடினாள். பிகாஸ், “தீதி, மேரா பீ படா க்யா? என்னதும் படிச்சீங்களா?” என்று தலையைக் குனிந்துகொண்டு கேட்டான், யாரோ ஒரு பெண்ணுக்கு எழுதிக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. பலர் சொல்லாமல் கொள்ளாமல் பழைய ஆப்புக்கே திரும்பிப்போனார்கள். அங்கே படிக்கிறவன் மாயாபந்தரில் கடை வைத்திருக்கவில்லை, ரோட்டில் எதிரே வர மாட்டான் என்பதே அவர்களுக்குப் பெரிய நிம்மதி. அதையும் தப்பென்று சொல்ல முடியாது.

மறுவாரம் சிவப்பிரகாசம் வந்தான். சிரிப்பு இல்லை.

“அவ எங்க போனான்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. யாரு யாரு கூட நின்னாங்கன்னு எனக்குத் தெரியணும். நீதான் படிக்கிறவளாமே, நீயே எழுதியிருக்கியாம். எனக்கும் காட்டு. நான் புருஷன்.”

“வெளிய போ.”

“நீ படிக்கலாம், நான் படிக்கக் கூடாதா?”

தமிழரசி பக்கத்துக் கோழிக்கடைக்காரர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டாள். அவன் போய்விட்டான், ஆனால் அந்தக் கேள்வி கடைக்குள்ளேயே கிடந்தது. படிக்க முடிகிற இடத்தில் ஒன்று இருந்தால் இன்றைக்கு இவன் கேட்பான், நாளைக்கு இன்னொருவன் கேட்பான், ஒருநாள் காக்கிச் சட்டை போட்ட பெரிய மனுஷன் எவனாவது கேட்பான். பிரவீன்குமாரைக் கூப்பிட்டு, டாபுவில் தனிச் செய்தியே வேண்டாம், வாசலில் வைத்துப் பேசுகிற பேச்சு மட்டும் இருக்கட்டும், மற்றதை அடைத்துவிடு என்றாள். யார் எந்தக் கப்பலில் போகிறார் என்பதையும் போகிறவரே எழுதினால்தான் உண்டு, அடுத்தவர் எழுதக் கூடாது. ரெங்கம்மாவுக்கு இது இன்றுவரை புரியவில்லை. ஒரு பொட்டலம் கொடுத்து விடறதுல என்னத்தா ரகசியம் என்பாள்.

மழைக்காலம் ஆரம்பித்த பிறகு கார் நிக்கோபாரிலிருந்து சௌமியா பேசினாள். புது நம்பர். குவார்ட்டர்ஸ் நன்றாக இருக்கிறது, பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள், ரெங்கம்மா மகன் உதயா வந்து ஃபேன் மாட்டிக் கொடுத்தான். குரல் தெளிந்திருந்தது. நீங்கள் இல்லாவிட்டால் நான் இல்லை என்று சொன்னாள். தமிழரசி பேச்சை மாற்ற மழையைத் திட்டினாள்.

“அக்கா, படிச்சேன்னு டாபுல எழுதினீங்களே... அது என்னோடதுதானே?”

“ஆமாம்மா.”

“எல்லாமுமா?”

மைக் ஞாபகம் வந்தது. அடிபட்ட காது ஞாபகம் வந்தது. “வேணும்னு படிக்கல. ஆனா கண்ணுல பட்டுச்சு,” என்றாள். “உன் நல்லதுக்குத்தான் சௌமியா. வேற வழி தெரியல.”

“தெரியும் அக்கா. நீங்க செஞ்சது சரிதான்.” பிறகு மெதுவாக, “அவரும் மொதல்ல என் நல்லதுக்குன்னு சொல்லித்தான் படிக்க ஆரம்பிச்சாரு,” என்றாள்.

வெளியே மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

“உங்களை அவரோட சேக்கல அக்கா. சத்தியமா இல்ல. ஆனா நான் எழுதினதெல்லாம் இன்னும் அங்க இருக்குன்னு நினைச்சாலே எனக்குத் தூக்கம் வரல. எடுத்துடுவீங்களா?”

“இப்பவே எடுக்கறேன். லைன்லயே இரு.”

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். செய்வதை எல்லாம் வாய்விட்டுச் சொன்னாள், அவள் காதில் விழும்படி. உன் பெயரைத் திறக்கிறேன். உள்ளே எதையும் திறக்கவில்லை. கணக்கை அழி என்பதை அழுத்துகிறேன். திரும்ப வராது, சம்மதமா என்று கேட்கிறது. சம்மதம் என்கிறேன்.

“போயிருச்சா அக்கா?”

“போயிருச்சு,” என்றாள் தமிழரசி. “இனிமே என் கண்ணுக்குக்கூடத் தெரியாது.”